‘ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் வித்தின்’ – பார்த்தவர்கள் இரண்டு கட்சியானது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2001-இல் வெளிவந்த இந்தக் கணினி வரைகலை அறிவியல் புனைவுப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுபவர்களும் பாதியில் எழுந்து போனதாகச் சொல்பவர்களும் ஒருசேர வந்து நிற்கிறார்கள். இரு தரப்பினரும், படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்களும், திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முடிவைச் சொல்லாமல் சில கேள்விகளுக்கு விடை கூற இயலாது என்பதால், முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது.

ஃபைனல் ஃபேன்டஸி என்றால் வீடியோ கேம் இல்லையா? இது என்ன படம்?

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1987 முதல் வெளியிட்டு வந்த புகழ்பெற்ற விளையாட்டுத் தொடரின் பெயர்தான் அது. அந்தத் தொடரை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியே இந்தப் படத்தையும் இயக்கினார். மொட்டோனோரி சகாகிபாரா இணை இயக்குநராக இருந்தார். இதற்காகவே ஹவாய் மாநிலத்தின் ஹொனலுலு நகரில் ஸ்கொயர் பிக்சர்ஸ் என்ற தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. கொலம்பியா பிக்சர்ஸ் 2001 ஜூலை 11 அன்று படத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. ஜப்பானில் அதே ஆண்டு செப்டம்பரில் திரைக்கு வந்தது.

கார்ட்டூன் சாயல் இல்லாமல், மனிதர்களை நேரில் பார்ப்பது போலவே காட்டிவிட வேண்டும் என்ற நோக்கத்துடன் முழுக்க முழுக்கக் கணினியிலேயே உருவாக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம் இதுதான். மிங்-நா வென், அலெக் பால்ட்வின், டொனால்ட் சதர்லேண்ட், ஜேம்ஸ் வுட்ஸ், ஸ்டீவ் புஷெமி போன்ற அறியப்பட்ட நடிகர்கள் குரல் கொடுத்தார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

காலம் 2065. விண்கல் ஒன்றுடன் பூமிக்கு வந்து சேர்ந்த ‘ஃபேன்டம்’ எனப்படும், பாதி ஒளி ஊடுருவும் உருவங்கள் சுவர்களையும் கடந்து சென்று, தொட்ட மாத்திரத்தில் மனிதரின் உயிரை உடலிலிருந்து உருவி எடுத்துவிடுகின்றன. எஞ்சிய மக்கள் பாதுகாப்பு வளையத்துக்குள் அடைபட்ட நகரங்களில் வாழ்கிறார்கள். அந்த ஃபேன்டம்களின் தொற்று தன் உடலிலேயே தங்கிவிட்ட இளம் விஞ்ஞானி ஆக்கி ராஸ், தன் ஆசான் டாக்டர் சிட்டுடன் சேர்ந்து, எட்டு உயிரினங்களின் ஆன்ம அலைகளைத் திரட்டினால் ஃபேன்டம்களைச் செயலிழக்கச் செய்யலாம் என்று நம்பித் தேடுகிறாள். விண்வெளியில் நிறுத்தப்பட்ட ‘ஸீயஸ்’ என்ற பேராயுதத்தால் சுட்டுப் பொசுக்கிவிடலாம் என்பது ஜெனரல் ஹைனின் கட்சி.

ஃபேன்டம்கள் படையெடுத்து வந்த வேற்றுக்கோள் உயிர்கள் அல்ல என்பதும், போரில் அழிந்துபோன வேறொரு கோளின் துண்டோடு தற்செயலாக இங்கே வந்து விழுந்த ஆவிகள் என்பதும் பிற்பகுதியில் தெரியவருகின்றன. ஆக்கியின் காதலனான கேப்டன் கிரே தன் உயிரைக் கொடுத்து அந்த ஆவிகளுக்கு விடுதலை தருகிறான்.

படம் ஓடியதா, ஓடவில்லையா?

ஓடவில்லை. ஏறத்தாழ 13 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் அமெரிக்காவில் சுமார் 3 கோடியே 20 லட்சம் டாலரும், உலகம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 8 கோடியே 50 லட்சம் டாலரும் வசூலித்தது. வசூலில் திரையரங்குகளின் பங்கும் விளம்பரச் செலவும் கழிந்துபோகும் என்பதால் உண்மையான இழப்பு இந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தைவிடப் பெரியது.

அப்படியானால் எல்லோருக்குமே பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? “இரண்டு கட்சி” எங்கே இருக்கிறது?

வசூல் குறைந்தது என்பதற்கு, வந்தவர்கள் ஒரே குரலில் பேசினார்கள் என்று பொருளில்லை. அமெரிக்காவின் மிகவும் அறியப்பட்ட திரை விமர்சகரான ரோஜர் ஈபர்ட் 4-க்கு மூன்றரை நட்சத்திரம் அளித்தார். கதையைவிடக் கண்முன் விரிந்த உலகமே அவரைக் கவர்ந்தது. அதே வாரத்தில் வேறு பலர், உயிரற்ற முகங்கள், கேட்டுச் சலித்த வசனங்கள் என்று எழுதினார்கள். பொதுப் பார்வையாளர்களிடமும் இதே பிளவுதான் இருந்தது. நடுவில் நின்றவர்கள் குறைவு.

இந்தப் பிளவைத் தொழில்நுட்பம் பிடித்தவர்கள், கதை பிடிக்காதவர்கள் என்று மட்டும் பிரிப்பது போதாது என்பது என் கருத்து. அரங்குக்கு வந்தவர்களில் விளையாட்டின் ரசிகர்கள், அறிவியல் புனைவு வாசகர்கள், வரைகலைத் தொழிலில் இருந்தவர்கள், கோடை விடுமுறைக்கு ஏதாவது பார்க்கலாம் என்று வந்தவர்கள் ஆகிய நான்கு தரப்பினரும் நான்கு வெவ்வேறு வாக்குறுதிகளை நம்பி வந்தார்கள். படம் அவற்றில் ஒன்றை முழுமையாகவும் மற்றொன்றைப் பாதியளவும் நிறைவேற்றியது. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

அனிமேஷன் படத்துக்கு எதற்கு இவ்வளவு செலவு?

சுமார் 200 பேர் நான்கு ஆண்டுகள் உழைத்தார்கள். படத்தில் உள்ள சட்டகங்கள் (ஃபிரேம்கள்) 1,41,964; ஒவ்வொன்றையும் கணினி வரைந்து முடிக்கச் சராசரியாக ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே கணினியிடம் இந்த வேலையை ஒப்படைத்திருந்தால் இடைவிடாமல் 24 ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டும், அதுவும் எந்தச் சட்டகத்தையும் திருத்தி மறுபடி வரையாமல் இருந்தால். பென்டியம் 3 வகைக் கணினிகள் 960-ஐ வரிசையாக நிறுத்தி அந்த வேலையை முடித்தார்கள்.

ஆக்கியின் தலையில் மட்டும் ஏறத்தாழ 60,000 மயிரிழைகள் தனித்தனியாக உருவாக்கப்பட்டன. அவள் திரும்பும்போது கூந்தல் சற்றுத் தாமதித்துத் திரும்புவதையும், ஈர்ப்பு இல்லாத விண்கலத்துக்குள் அது மெல்ல மிதப்பதையும் படம் வலிந்து காட்டுகிறது. கூந்தலுக்கு இவ்வளவு மெனக்கெட்டவர்கள் வசனத்துக்கும் மெனக்கெட்டிருக்கலாம் என்ற கிண்டல் அப்போதே எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது என்றாலும், வசனத்தைக் கெடுத்தது கூந்தல் அல்ல.

முகத்தைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கிறது. நன்றாகத்தானே வரைந்திருக்கிறார்கள், பிறகு ஏன்?

டோக்கியோவில் இயந்திர மனிதவியல் பேராசிரியராக இருந்த மாசாஹிரோ மோரி 1970-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இதை விளக்கப் பெரிதும் பயன்படுகிறது. ஒரு பொம்மையோ இயந்திரமோ மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் ஒட்டுதல் கூடிக்கொண்டே போகும். ஆனால் மனிதனைப் போலவே ஆகிவிடுவதற்குச் சற்று முன்னால் அந்த ஒட்டுதல் திடீரென்று சரிந்து அருவருப்பாகவும் அச்சமாகவும் மாறும் என்றார் அவர். ஆங்கிலத்தில் ‘அன்கேனி வேலி’ என்று பெயர் பெற்றுவிட்ட அந்தச் சரிவுக்கு இந்தப் படத்தைத்தான் இன்றும் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

மோரி சொன்னவற்றில் அதிகம் மேற்கோள் காட்டப்படாத பகுதி ஒன்று உண்டு: உருவம் அசைந்தால் அந்தச் சரிவு இன்னும் ஆழமாகும். படத்தைச் சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பார்த்தால் இது விளங்கும். ஆக்கி வாய் திறவாமல் நிற்கும் நிலையில் படத்தை நிறுத்தினால், முதல் நொடியில் அதை ஒளிப்படம் என்றே நினைக்கத் தோன்றும். ஓடவிட்டு அவளைப் பேசவைத்தால், உதடுகள் சொல்லுக்கு ஏற்பத் திறந்து மூடுகின்றன, ஆனால் கன்னமும் கண்ணின் கீழ்ப்பகுதியும் அந்த அசைவில் கலந்துகொள்ளாமல் தனியே நிற்கின்றன. உடல் அசைவுகளை நடிகர்களின் உடலிலிருந்து கருவிகள் வழியே பதிவுசெய்தவர்கள், முகபாவங்களைக் கலைஞர்களின் கையால் ஒவ்வொன்றாக அமைத்தார்கள். நடையில் இருக்கும் இயல்பு முகத்துக்கு வந்து சேராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு காரணம் தோல். நம் தோலில் விழும் ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடாமல் சிறிது உள்ளே புகுந்து, பரவி, வெளியே வருகிறது. காது மடலில் வெயில் படும்போது தெரியும் செம்மை அதனால்தான். அதைத் திரைப்படத்துக்குப் பயன்படும் வேகத்தில் கணக்கிட வழிகாட்டிய ஆய்வுக் கட்டுரை வெளியானது 2001 ஆகஸ்டில். படம் அதற்கு ஒரு மாதம் முன்பே திரையில் இருந்தது.

ஆனால் டாக்டர் சிட் மட்டும் நிஜ மனிதர் போலவே இருக்கிறாரே?

பலரும் கவனித்திருக்கிறார்கள், சரியான கவனிப்புதான். நெற்றிச் சுருக்கங்கள், வழுக்கைத் தலையில் முதுமைப் புள்ளிகள், நரைத்த தாடி என்று ஒளி விழுந்து உடையும் இடங்கள் அவர் முகத்தில் ஏராளம். முந்தைய விடையில் சொன்ன தோல் குறைபாட்டை இவை மறைத்துவிடுகின்றன. ஆக்கி, கிரே ஆகியோரின் இளமையான வழவழப்பான தோலில் மறைக்க எதுவும் இல்லை. போதாக்குறைக்குச் சிட் நிதானமாகப் பேசுபவர். டொனால்ட் சதர்லேண்டின் குரலும் உடன் இருக்கிறது. கதாநாயகனையும் நாயகியையும் அழகாக்கத்தான் அதிகம் உழைத்திருப்பார்கள், கடைசியில் பெயர் வாங்கியதோ கிழவர்.

நான் கேம் ஆடி வளர்ந்தவன். இதில் ஃபைனல் ஃபேன்டஸியே இல்லையே?

இந்தக் கோபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. விளையாட்டின் ரசிகர்கள் எதிர்பார்த்த வாளும் மந்திரமும் சோக்கோபோ பறவையும் அறிந்த கதாபாத்திரங்களும் இதில் இல்லை. தொடரின் பெரும்பாலான பாகங்களில் ஏதேனும் ஓர் உருவில் வரும் ‘சிட்’ என்ற பெயர் ஒன்றுதான் வெளிப்படையாகத் தெரியும் தொடர்பு.

மறுதரப்பு வாதத்திலும் பொருள் உண்டு. தொடரின் ஒவ்வொரு பாகமும் புதிய உலகம், புதிய மாந்தர் என்றே வந்திருக்கிறது. 1997-இல் வெளியான ஏழாம் பாகத்தில், கோளுக்கே ஓர் உயிரோட்டம் இருக்கிறது, இறந்தவர்கள் அதற்குள் கலக்கிறார்கள் என்ற கருத்துதான் கதையின் அச்சு. படத்தில் பூமியின் ஆன்மாவாக வரும் ‘காயா’ அதற்கு நெருங்கிய உறவு. சகாகுச்சி தம் தாயை விபத்தில் இழந்தவர். நாயகிக்கு ஆக்கி என்று தாயின் பெயரையே வைத்தார். ஆக, ஆசிரியரின் மனம் படத்தில் இருக்கிறது, விளையாட்டின் உடைகள்தான் இல்லை. ஆயினும் உடைகளை நம்பிச் சீட்டு வாங்கியவரிடம் போய் ஆன்மாவைப் பாருங்கள் என்று சொல்வது சற்று அதிகம்தான். பெயரை மாற்றி வெளியிட்டிருந்தால் இந்தத் தரப்பின் மனக்குறை எழுந்தே இருக்காது, அவர்கள் அரங்குக்கும் வந்திருக்க மாட்டார்கள்.

நான் கேம் ஆடியதே இல்லை. எனக்கும் கதை புரியவில்லையே, காயா என்றால் என்ன?

பூமி தனக்கென ஓர் ஆன்மா உடையது, உயிர்கள் அதிலிருந்து வந்து, வாழ்ந்து, தம் அனுபவத்தோடு அதனிடமே திரும்புகின்றன என்பதே படம் சொல்லும் காயா. இதில் சிக்கல் இல்லை. பிற்பகுதியில் ஃபேன்டம்களுடைய கோளின் காயாவும் இங்கேயே புதைந்து கிடக்கிறது என்று தெரியும்போது, எந்த அலை எந்தக் காயாவுக்குப் போகிறது, எட்டாவது ஆன்மா ஏன் அங்கே கிடைக்கிறது என்பவற்றை முதல் பார்வையில் பின்தொடர்வது கடினம்.

இந்தக் கருத்தைக் காட்சியால் உணர்த்தாமல் வாயால் சொல்லியே தீர்ப்பதுதான் பெரிய குறை. பழைய நியூயார்க்கின் இடிபாடுகளுக்கு நடுவே ஆக்கி ஒரு சிறு செடியைக் கண்டுபிடிக்கும் தொடக்கக் காட்சியில், ஒரு செடிக்காக ஒருத்தி ஏன் உயிரைப் பணயம் வைக்கிறாள் என்ற கேள்வியை ஏறக்குறையப் பேச்சே இல்லாமல் எழுப்பத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஆட்சி மன்றத்திலும் ஆய்வுக்கூடத்திலும் விளக்கவுரை மேல் விளக்கவுரையாகப் போகிறது. அசையும் வாயே படத்தின் பலவீனமான இடம் என்று மேலே பார்த்தோம். அதே வாயை நிறுத்தாமல் பேசவைத்ததுதான் வேடிக்கை.

இறுதியில் எதிரியை அடித்து வீழ்த்தாமல் முடிக்கிறார்களே, சப்பென்று இல்லையா?

கோடைக்கால வெடிகுண்டுப் படத்தை எதிர்பார்த்தவர்களுக்குச் சப்பென்றுதான் இருந்திருக்கும். அறிவியல் புனைவு வாசகர்கள் இந்தப் படத்தைக் கைவிடாமல் இருப்பதற்கு இதே முடிவுதான் காரணம். எதிரி எனப்பட்டவை தாம் இறந்துவிட்டதைக்கூட அறியாமல் தவிக்கும் ஆவிகள். அவற்றைச் சுடச்சுட நிலைமை மோசமாகிறது. தேவைப்படுவது ஆயுதமல்ல, வழியனுப்புதல். ஆக்கியின் கனவுகளில் வரும் வேற்றுக்கோள் போர், முதலில் மிரட்டலாகத் தெரிந்து, இறுதியில் ஓர் இனத்தின் மரண வாக்குமூலமாக மாறுவது படத்தின் ஆகச் சிறந்த திருப்பம் என்றே சொல்வேன்.

ஜெனரல் ஹைன் வெறும் அட்டை வில்லன்தானே?

முழுக்க அப்படியில்லை. மனைவியையும் மகளையும் ஃபேன்டம்களிடம் பறிகொடுத்தவன் என்ற செய்தி அவனுக்கு ஒரு நியாயத்தைத் தருகிறது. துப்பாக்கியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு தனியே அமர்ந்திருக்கும் காட்சி அவனுடைய குற்ற உணர்வையும் காட்டுகிறது. மன்றத்தின் இசைவைப் பெறுவதற்காக நகரத்தின் பாதுகாப்பு வளையத்தை அவனே தளர்த்தி, அது கைமீறிப் போய் நகரம் அழிவது நல்ல கட்டமைப்பு. ஆனால் கறுப்புத் தோல் மேலங்கியும் கடுகடுத்த முகமுமாக முதல் காட்சியிலேயே அவனை அடையாளம் காட்டிவிட்டதால், பிறகு தந்த நியாயம் பலருக்கு எட்டவில்லை.

இந்தப் படம் நடிகர்களின் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்று அப்போது பயந்தார்களாமே?

ஆம். ஆக்கியை ஒரே படத்தோடு நிறுத்தாமல், ஒரு நடிகையைப் போலவே வேறு படங்களிலும் வேறு பாத்திரங்களில் பயன்படுத்த வேண்டும் என்று சகாகுச்சியின் குழு திட்டமிட்டிருந்தது. ஆண்களுக்கான இதழ் ஒன்று, கவர்ச்சியான 100 பெண்கள் பட்டியலில் நிஜப் பெண்களோடு அவளையும் சேர்த்தது. கணினி நடிகர்கள் வருவது தமக்குக் கவலை அளிப்பதாக டாம் ஹேங்க்ஸ் அந்த நாட்களில் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஹேங்க்ஸ்தான் மூன்று ஆண்டுகள் கழித்து, 2004-இல், ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ படத்தில் தம் உடலசைவையும் முகபாவத்தையும் கணினிக்குக் கொடுத்துப் பல பாத்திரங்களாக வந்தார். அந்தப் படத்தின் முகங்களையும் பார்த்து மக்கள் இதே குறையைச் சொன்னார்கள்.

ஆக்கி வேறு எந்தப் படத்திலும் நாயகியாகவில்லை. ஒரு நட்சத்திரத்தை நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவர் முகத்துக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருப்பதாக நம்புவதால்தான் என்பதை அந்தத் திட்டம் கணக்கில் கொள்ளவில்லை.

அதே வருடம் ‘ஷ்ரெக்’ பிய்த்துக்கொண்டு ஓடியதே, அதுவும் கம்ப்யூட்டர் படம்தானே?

2001 மே மாதம் வந்த ‘ஷ்ரெக்’ பச்சை நிறப் பூதத்தையும் பேசும் கழுதையையும் காட்டியது. யாரும் அவற்றை உயிருள்ள ஒருவரோடு ஒப்பிடவில்லை. மோரியின் சரிவுக்கு வெகு தொலைவில் நின்றுகொண்டே அது சிரிக்கவைத்தது, அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான முதல் ஆஸ்கரையும் பெற்றது. மேலும் அக்கால அமெரிக்காவில் அனிமேஷன் என்றால் குடும்பத்தோடு பார்ப்பது என்ற வழக்கம் இருந்தது. சாவும் ஆவிகளுமாக, பாடல்கள் இல்லாமல் வந்த இந்தப் படத்தைக் குழந்தைகளோடு வந்தவர்கள் எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்கள். பெரியவர்களோ நடிகர்கள் நடித்த படங்களுக்குரிய அளவுகோலால் அளந்தார்கள்.

இந்தப் படத்தால்தான் ஸ்கொயர் கம்பெனியே மூடப்பட்டதாமே?

ஸ்கொயர் மூடப்படவில்லை, மூடப்பட்டது ஹொனலுலுவில் இருந்த ஸ்கொயர் பிக்சர்ஸ். ‘மேட்ரிக்ஸ்’ படங்களின் உலகை வைத்து உருவான ‘தி அனிமேட்ரிக்ஸ்’ குறும்படத் தொகுப்புக்காக ‘ஃபைனல் ஃப்ளைட் ஆஃப் தி ஓசைரிஸ்’ என்ற குறும்படத்தைச் செய்துகொடுத்ததோடு அதன் கதை முடிந்தது. எனிக்ஸ் என்ற மற்றொரு ஜப்பானிய விளையாட்டு நிறுவனத்துடனான இணைப்புப் பேச்சு இந்த இழப்பால் தடைப்பட்டுத் தாமதமாகி, 2003 ஏப்ரலில்தான் நிறைவேறியது. அதே காலத்தில் வெளியான பத்தாம் பாக விளையாட்டு நன்றாக விற்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சகாகுச்சி நிறுவனத்தின் உயர்பொறுப்பிலிருந்து விலகி, பின்னர் அங்கிருந்தே வெளியேறினார்.

2005-இல் வந்த ‘அட்வென்ட் சில்ட்ரன்’ படத்தை ரசிகர்கள் கொண்டாடினார்களே, அதற்கு மட்டும் எப்படிப் பிளவு வரவில்லை?

அதற்கும் வந்தது, ஆனால் வேறு இடத்தில். ஏழாம் பாகத்தின் தொடர்ச்சியாக வந்த அந்தப் படம் ரசிகர்களுக்குத் தெரிந்த கிளவுடையும் செஃபிராத்தையும் கொண்டுவந்தது. முகங்களைப் பாதி நிஜம், பாதி ஓவியம் என்று நிறுத்திக்கொண்டதால் கூச்சம் எழவில்லை. விளையாட்டு தெரியாதவர்களுக்கு அந்தப் படத்தில் தலையும் புரியாது, வாலும் புரியாது. 2001-இன் படம் எல்லோருக்கும் கதவைத் திறந்துவைத்து, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு குறையைக் கேட்டுக்கொண்டது.

இப்போது பார்க்கலாமா? பார்த்தால் எப்படிப் பார்ப்பது?

பார்க்கலாம். படம் 106 நிமிடங்கள்தான். எலியட் கோல்டன்தால் அமைத்து லண்டன் சிம்ஃபனி இசைக்குழு வாசித்த பின்னணி இசைக்காகவே நல்ல ஒலியமைப்பில் பார்ப்பது நலம். முகங்களில் இன்று தெரியும் பழமை ஒரு வகையில் படத்துக்கு நன்மையே செய்கிறது: அன்று நிஜம் என்று நம்பச் சொன்னார்கள், இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லாததால் ஒரு காலத்தின் வரைகலைப் பாணி என்று எடுத்துக்கொள்ள முடிகிறது. அன்று பிடிக்கவில்லை என்று சொன்னவர்களில் சிலர் இப்போது இளகிப் பேசுவதற்கு இதுவும் காரணம் என நினைக்கிறேன். வசனம் மட்டும் அன்றுபோலவே இருக்கிறது.